பிரதிவாதிக்காக நிற்கப் பழகுதல்: சிவில் பக்கம் வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு

"சம்மன் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது?"

பிரதிவாதிக்காக ஆஜராகும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். வழக்கு எதைப் பற்றியது, போட்டது யார், எவ்வளவு தொகை என்பதெல்லாம் அப்புறம். பலர் சம்மனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, சொந்தக்காரர் நாலு பேரிடம் யோசனை கேட்டுவிட்டு, வாய்தாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் வக்கீலைத் தேடி வருகிறார்கள். பயந்து போயிருப்பார்கள். வழக்குப் போட்டவர் மாதக்கணக்கில் யோசித்து, ஆவணம் சேர்த்து, தனக்கு வசதியான நேரத்தில் போட்டிருப்பார். பதில் தாக்கல் செய்ய இவருக்குச் சட்டம் கொடுப்பது 30 நாள். அந்த 30 நாளை என்ன செய்வது என்று தெரிந்துகொள்வதில்தான் பிரதிவாதி வழக்கறிஞரின் தொழிற்பயிற்சியில் பாதி அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் சிவில் வழக்கு நடத்த, அதிலும் பிரதிவாதி பக்கம் நின்று நடத்த விரும்பும் சட்ட மாணவர்களுக்கும், புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

படிப்பும் பதிவும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் முழுவதும் இருக்கிறார்கள். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தக் கல்லூரி என்று ரொம்பவும் கவலைப்படாதீர்கள். உங்கள் கட்சிக்காரர் அதைக் கேட்கப் போவதில்லை.

பட்டம் கிடைத்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கட்டண விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்கட்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்லும் தொகை பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் பல பெயர்களில் ஆயிரக்கணக்கில் வாங்குவது செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் பதிவுக் கட்டணத்துக்கே கடன் வாங்கிய காலம் உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பதிவு ஆன இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். தமிழிலும் எழுதலாம். குறிப்பு எதுவும் எழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். சிவில் பக்கம் வரப்போகிறவர்கள் இந்தத் தேர்வைச் சாக்காக வைத்து சி.பி.சி. என்கிற 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தை முதல் பக்கம் முதல் கடைசிவரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிறகு அப்படி உட்கார்ந்து வாசிக்க நேரம் கிடைக்காது.

சீனியரைத் தேர்ந்தெடுப்பது

இதில் அவசரப்படாதீர்கள். பெரிய பெயர் உள்ள அலுவலகத்தைவிட, விசாரணை நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற அலுவலகம் உங்களுக்கு நல்லது. முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற சீனியர் யார் என்று பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு மட்டும் நடத்துகிற அலுவலகத்தில் சேர்ந்தால் சட்டம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அங்கே வருகிற வழக்குக் கட்டில், அதாவது வழக்கின் ஆவணக் கோப்பில், சாட்சியம் ஏற்கெனவே முடிந்திருக்கும். அது எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதைக் கீழ் நீதிமன்றத்தில்தான் பார்க்க முடியும்.

சேரும் முன்பு ஒரு வாரம் அந்த சீனியர் ஆஜராகும் நீதிமன்றத்தில் பின்வரிசையில் போய் உட்காருங்கள். அவர் கட்டைப் படித்துவிட்டு வருகிறாரா, வாய்தா வாங்குவதே வேலையாக இருக்கிறாரா, குமாஸ்தாவிடமும் ஜூனியரிடமும் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தாலே போதும், உங்களுக்குப் புரிந்துவிடும்.

சம்பளம் பற்றியும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அதே ஆண்டு இந்திய பார் கவுன்சிலும் இதை ஒட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. நடைமுறையில் எல்லா அலுவலகமும் தருவதில்லை. பெண் ஜூனியர்களும், முதல் தலைமுறை வக்கீல்களும் தொழிலை விட்டுப் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். தர முடிந்தும் தராத சீனியரிடம் இரண்டு ஆண்டு வீணாக்காதீர்கள்.

முதல் ஆண்டில் உங்களுக்குக் கிடைப்பது சில்லறை வேலைதான்: நகல் மனு போடுவது, வக்காலத்தில் வழக்கறிஞர் நலநிதி வில்லை ஒட்டுவது, வாய்தா குறிப்பது, வில்லங்கச் சான்று வாங்கி வருவது. அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். நகல் பிரிவில் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்த ஜூனியரை எந்த சீனியரும் விடமாட்டார். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையராக நீதிமன்றம் உங்களை நியமித்தால் கட்டாயம் ஏற்றுக்கொள்ளுங்கள். சர்வேயருடன் போய், சங்கிலி பிடித்து அளப்பதைப் பார்த்து, இரண்டு தரப்பும் வரப்பில் நின்று சண்டை போடுவதைக் கேட்டு, அறிக்கை எழுதிக் கொடுத்த ஒருவருக்கு நிலத் தகராறு பற்றித் தெரிவது புத்தகத்தில் கிடைக்காது.

அந்த முப்பது நாள்

சம்மன் வந்த தேதியை கட்டின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதில், தாக்கல் ஆக வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள்வரை நீட்டிக்கலாம். சாதாரண சிவில் வழக்கில் இந்த 90 நாள் கல்லில் எழுதியதல்ல, அசாதாரணமான சூழ்நிலையில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஆனால் வணிக நீதிமன்றத்தில் 120-ஆம் நாள் தாண்டினால் எதிர்வழக்குரை போடும் உரிமையே போய்விடும். நுகர்வோர் ஆணையத்தில் 30 நாளும், அதன்மேல் 15 நாளும்தான். அந்த 45 நாளை நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. ஆக, வழக்கு எந்த மன்றத்தில் இருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள். மூன்றுக்கும் ஒரே கணக்குப் போட்டு ஏமாந்த வக்கீல்கள் இருக்கிறார்கள். நஷ்டம் கட்சிக்காரருக்கு.

அடுத்து பிராதை, அதாவது வாதி தாக்கல் செய்த வழக்குரையை, வாசிப்பது. குறைந்தது மூன்று முறை வாசியுங்கள்.

முதல் வாசிப்பில் கதை. இரண்டாவதில் தேதிகள்: கடன் எப்போது, கெடு எப்போது, நோட்டீஸ் எப்போது, வழக்கு எப்போது. பணத்துக்கான வழக்குகள் பெரும்பாலானவற்றுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. காலவரம்பு கடந்த வழக்கை, பிரதிவாதி சொல்லாவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்காக நீங்கள் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வாசிப்பில், பிராதில் எது இல்லை என்று தேடுங்கள். வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான சங்கதி, எங்கே? கோர்ட் கட்டணம் சரியா? சேர்க்க வேண்டிய ஆளைச் சேர்த்திருக்கிறாரா? பிராதின் முகத்திலேயே ஓட்டை தெரிந்தால் சி.பி.சி.-யின் ஆர்டர் 7 ரூல் 11-இன் கீழ் பிராதை நிராகரிக்கக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் அந்த மனுவை பிராதையும் அதோடு வந்த ஆவணங்களையும் மட்டும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நம் தரப்பு ஆவணம் அங்கே எடுபடாது. இது புரியாமல் எல்லா வழக்கிலும் அந்த மனுவைப் போட்டு ஒரு வருஷத்தை வீணடிப்பது கட்சிக்காரருக்குச் செய்கிற உதவி இல்லை.

என் ஜூனியர் காலத்தில் ஒரு பிராமிசரி நோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) வழக்கு. கட்டை வாசித்துவிட்டு, "நோட்டில் கையெழுத்து நம் ஆளுடையதுதான், பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது" என்றேன். சீனியர் பதில் சொல்லாமல் நோட்டின் நகலைத் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் ஆயிரம் ரூபாய் வரவு எழுதியிருந்தது. "இந்த வரவுத் தேதி என்ன? நோட்டு எழுதிய தேதி என்ன?" மூன்று ஆண்டு முடிந்து சில நாள் கழித்துத்தான் வரவு எழுதப்பட்டிருந்தது. காலவரம்பு முடியும் முன் கொடுத்து, கொடுத்தவர் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால்தான் வரவு புதிய காலவரம்பைத் தொடங்கும். முடிந்த பிறகு எழுதிய வரவால் செத்த கடனுக்கு உயிர் வராது. அந்த வழக்கு அதிலேயே தள்ளுபடி ஆனது. அன்றிலிருந்து எந்த ஆவணத்தையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைத்ததில்லை.

பிராமிசரி நோட்டில் இன்னொன்று. "வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்" என்று கட்சிக்காரர் சொல்வார். "அது என் கையெழுத்தே இல்லை" என்று வேறொருவர் சொல்வார். இரண்டும் வேறு வேறு எதிர்வாதம். கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். செலாவணி ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அது. அந்த ஊகத்தை உடைக்கும் பொறுப்பு நம் தலையில் வந்துவிடும். கையெழுத்தையே மறுத்தால் நிரூபிக்க வேண்டியது வாதி. சுலபமாக இருக்கிறதே என்று உண்மையான கையெழுத்தைப் பொய் என்று எழுதச் சொல்லும் கட்சிக்காரர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். நிபுணர் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் நாளில் அவருடைய மற்ற உண்மைகளும் சேர்ந்து மூழ்கிவிடும்.

இனி எதிர்வழக்குரை. மறுப்பை எப்படி எழுதுவது என்பதற்கு ஆர்டர் 8-ஐ வாசியுங்கள். "பிராதில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய்" என்று ஒரே வரியில் எழுதுவது மறுப்பு ஆகாது. பத்தி பத்தியாக எடுத்து, எது சரி, எது தவறு, உண்மையில் நடந்தது என்ன என்று எழுத வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். "1-1-2020 அன்று 2 லட்சம் வாங்கினார்" என்று பிராது சொல்கிறது. "1-1-2020 அன்று 2 லட்சம் வாங்கவில்லை" என்று நீங்கள் எழுதினால் வேறொரு நாளில் வாங்கினாரா, வேறு தொகை வாங்கினாரா என்ற கேள்வி திறந்தே இருக்கும். சட்டம் இதை நழுவல் மறுப்பு என்கிறது. "அன்றோ வேறு எந்த நாளிலோ அந்தத் தொகையோ அதில் ஒரு பகுதியோ வாங்கவில்லை" என்று எழுதுங்கள். வாங்கியிருந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள்.

நம்பியிருக்கும் ஆவணங்களை எதிர்வழக்குரையோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். பிறகு கொண்டுவந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். வாட்ஸாப் உரையாடல், கைபேசிப் பதிவு போன்றவற்றுக்கு உரிய சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்று சொன்னோம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு.

தவறிப்போய், நம் தரப்பு இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டால்? அதை ரத்து செய்யக் கேட்கும் செட் அசைட் மனுவுக்கு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை (கையில் சேரவில்லை) என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். தாமதம் ஆனால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். அதில் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் உண்மையான காரணம் எழுதுங்கள். "மஞ்சள் காமாலை" என்று எழுதி எழுதி நீதிபதிகளுக்குச் சலித்துவிட்டது. சம்மன் சார்வு ஆன விதத்தை நீதிமன்றக் கட்டில் நேரில் பார்த்துவிட்டு எழுதினால் மனுவுக்கு பலம் வரும்.

இடைக்காலத் தடை வந்த கட்சிக்காரர்

நிலத் தகராறில் எதிராளி வழக்குப் போடப் போகிறார் என்று முன்பே தெரிந்தால் சி.பி.சி. 148ஏ பிரிவில் கேவியட் என்கிற முன்னெச்சரிக்கை மனு போட்டு வையுங்கள். 90 நாளுக்குச் செல்லும். அதற்குள் வழக்கு வந்தால் நம்மைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போட முடியாது. 90 நாள் முடிவதை நாட்காட்டியில் குறித்து, தேவைப்பட்டால் புதிதாகப் போடுங்கள்.

ஏற்கெனவே தடை வாங்கிவிட்டார் என்றால், அந்தத் தடை மனுவுக்கான பதிலை, அதாவது எதிருரையை, அன்றே எழுதத் தொடங்குங்கள். நம்மைக் கேட்காமல் கொடுத்த தடையானால், அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த விதியைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். நிலத்தில் சர்வே எண், நான்கு எல்லை, பத்திரத்தின் தொடர்ச்சி மூன்றையும் சரிபாருங்கள். பட்டா இருக்கிறது என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. உரிமையே தகராறில் இருக்கும்போது, விளம்புகை (உரிமை தனக்கே என்ற நீதிமன்ற அறிவிப்பு) கேட்காமல் வெறும் தடை மட்டும் கேட்டு வழக்குப் போட்டிருந்தால் அதை எதிர்வழக்குரையிலேயே எடுத்துச் சொல்லுங்கள். 2008-இல் அனத்துல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியிருக்கிறது. ஜூனியர்கள் முழுதாக வாசிக்க வேண்டிய தீர்ப்பு.

குறுக்கு விசாரணை

சாட்சியின் முதல் விசாரணை இப்போது எழுத்தில் வருகிறது. பெரும்பாலும் பிராதையே திரும்ப டைப் செய்திருப்பார்கள். எனவே வாதியின் சாட்சியிடம் நேருக்கு நேர் பேசி உண்மையை வரவழைக்கிற வேலை பிரதிவாதியின் வக்கீலுக்குத்தான் வருகிறது.

முதலில் பழைய வாக்குமூலங்களை வாசியுங்கள். "இந்த நோட்டு பிரதிவாதி வீட்டில் வைத்து எழுதப்பட்டது என்று சொன்னால் சரிதான்", "நான் பணமே கொடுக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று பக்கம் பக்கமாக இருக்கும். சாட்சி பதில் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வக்கீல் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வி என்ன, ஏன் அந்த இடத்தில் கேட்டார் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இருபது வாக்குமூலத்தை இப்படிப் பிரித்து வாசித்தால் கை பழகிவிடும்.

கூண்டில் ஆள் நிற்கும்போது கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். பணம் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள், யார் உடன் இருந்தார்கள், நோட்டு யார் எழுதியது, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா. "ஏன்" என்று கேட்காதீர்கள். சாட்சிக்கு விளக்கம் சொல்ல இடம் கொடுத்தால் பிராதில் இருந்த ஓட்டையை அங்கேயே அடைத்துவிடுவார். நம் தரப்புக் கதையைச் சாட்சியிடம் சொல்லி, அவர் மறுத்தாலும் பதிவு செய்யுங்கள். கேட்காமல் விட்டால், அந்த இடத்தில் சாட்சி சொன்னதை ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும். வயதானவர், படிக்காதவர் கூண்டில் நின்றால் குரலைத் தணித்துக் கேளுங்கள். அவர் எதிராளியின் சாட்சியாக இருந்தாலும் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மனிதர்.

எந்தத் துறையில் தனித்து நிற்பது

நான்கைந்து ஆண்டுக்குப் பிறகு இந்தக் கேள்வி வரும். பிரதிவாதி பக்கம் தொடர்ந்து வேலை தருவது காப்பீட்டு நிறுவனங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுக்களில் அவர்களுக்காக ஆஜராக பேனல் வழக்கறிஞர்களை, அதாவது தங்கள் பட்டியலில் சேர்த்த வழக்கறிஞர்களை, வைத்திருக்கிறார்கள். பேனலில் சேர அனுபவ ஆண்டு, நடத்திய வழக்குகள் எல்லாம் கேட்பார்கள்.

இந்த வேலைக்கு பாலிசி அன்று அமலில் இருந்ததா, ஓட்டுநர் உரிமம் செல்லுமா, முதல் தகவல் அறிக்கையும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையும் ஒத்துப்போகின்றனவா, ஊனச் சான்று எங்கே வாங்கியது என்று பார்க்கத் தெரிய வேண்டும். இழப்பீட்டுக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு வயதுக்கேற்ற பெருக்கியை, அதாவது ஆண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண்ணைத் தந்தது. இறந்தவர் வயது 26 முதல் 30 என்றால் 17. 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு எதிர்கால வருமான உயர்வைச் சேர்த்தது. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம். ஓட்டுநர் உரிமத்தில் மீறல் இருக்கிறது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனமே என்று 2004-இன் ஸ்வரண் சிங் தீர்ப்பு சொல்கிறது. நிரூபித்தாலும், முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவாகலாம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். விபத்து நிஜம், பாலிசி நிஜம் என்று கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டால், தொகையில் மட்டும் வாதாடுங்கள். மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். சம்பாதித்தவரை இழந்த குடும்பத்தை ஐந்து வருஷம் இழுத்தடிப்பது நிறுவனத்துக்கும் லாபமில்லை. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதைத் தைரியமாக எழுதிக் கொடுக்கும் பேனல் வக்கீலை நிறுவனம் மதிக்கும்.

மருத்துவர்களுக்காக நுகர்வோர் ஆணையத்தில் ஆஜராவது இன்னொரு வழி. 1995-இல் சாந்தா வழக்கின் தீர்ப்பு மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அங்கே மருத்துவப் பதிவேட்டை வரி வரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

சமரசத்தைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. தரப்பினர் தாங்களாகவே பேசி முடித்தாலும் வாதிக்குக் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த நிலையை 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பேச்சுவார்த்தையில் இதை எதிர்த்தரப்புக்கு நினைவூட்டினால் பல சமயம் இறங்கி வருவார்கள். உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட வேண்டும்.

பெயர் சேர்ப்பது

வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது. பார் கவுன்சில் விதி 36 அது. இணையத் தளங்களில் பட்டியல் போட்டு வழக்குப் பிடிப்பதையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசவும் கூடாது. வாதிக்கு ஆலோசனை சொன்ன வழக்கில் பிறகு பிரதிவாதிக்கு ஆஜராகக் கூடாது. சின்ன ஊரில் இது அடிக்கடி வரும். வழியில் நிறுத்தி நாலு வார்த்தை யோசனை கேட்டவர் நாளை எதிராளி ஆகலாம். யார், எப்போது, எதைப் பற்றிக் கேட்டார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அதே நோட்டின் பின்பாதியில் நீங்கள் நடத்திய ஒவ்வொரு வழக்கையும் எழுதுங்கள். வழக்கு எண், நீதிமன்றம், எந்தத் தரப்பு, எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) என்ன, யார் யாரைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள், முடிவு என்ன, தோற்றிருந்தால் எந்த இடத்தில் தோற்றீர்கள். பேனலுக்கு விண்ணப்பிக்கும்போதும், நீதித்துறைத் தேர்வுக்குப் போகும்போதும் நடத்திய வழக்குகளின் விவரம் தேவைப்படும். அப்போது உட்கார்ந்து யோசித்தால் பாதி ஞாபகம் வராது. முதல் பக்கத்தை இன்றைக்கே எழுதி வையுங்கள், சீனியர் பெயரில் ஆஜரான வழக்காக இருந்தாலும் சரி.